தாய்மாமாவுக்கு ஒரு நல்ல விஸ்கி வாங்கணும், எதைப் பாத்து வாங்குறது?

ஜூரோங்வாசி:
மக்களே ஒரு உதவி. அடுத்த மாசம் சிங்கப்பூர்ல இருந்து கோயமுத்தூர் போறேன், தாய்மாமா ரிட்டயர் ஆகுறார், அவருக்கு ஒரு நல்ல சிங்கிள் மால்ட் வாங்கிட்டுப் போகணும்னு ஆசை. எங்க குடும்பத்துக்கு ரொம்ப செஞ்ச மனுஷன், அதனால கைக்குக் கெடச்சத தூக்கிட்டுப் போன மாதிரி இருக்கக் கூடாது. இத்தனை வருஷமா அவர் குடிச்சதெல்லாம் டாஸ்மாக் பிராண்டுதான், ஞாயித்துக்கிழமை ராத்திரி ரெண்டு லார்ஜ், சோடா ஊத்தி, அதோட சரி. ஒரு தடவ யாரோ புகை வாசம் அடிக்கிற ஸ்காட்ச் குடுத்திருக்காங்க, ஆஸ்பத்திரி வாசம் வருதுடான்னு ஒரு வாய் குடிச்சிட்டு வச்சிட்டார். ட்யூட்டி ஃப்ரீல போய் நின்னா 12, 15, 18னு ஒரே நம்பரா இருக்கு. 18 போட்டிருந்தா கண்ண மூடிட்டு வாங்கலாமா? அப்புறம் சோடா ஊத்துறவருக்கு சிங்கிள் மால்ட் குடுக்குறது வேஸ்ட்னு ஃப்ரெண்டு சொல்றான், அது நிஜமா?

ஓக்பீப்பா:
தம்பி, முதல்ல அந்த நம்பர விடுங்க. பாட்டில்ல 12னு போட்டிருந்தா உள்ள கலந்திருக்கிறதுலயே வயசு கம்மியான சரக்கு 12 வருஷம் பீப்பாயில இருந்திருக்குன்னு அர்த்தம், அவ்ளோதான், ருசிக்கு அது கேரண்டி கிடையாது. ஸ்காட்ச்னு பேர் வைக்கவே குறைஞ்சது 3 வருஷம் ஸ்காட்லாந்துல ஓக் மரப் பீப்பாயில கிடக்கணும், அதுக்கு மேல எந்தப் பீப்பாயில கிடந்துச்சுங்கிறதுதான் விஷயம். சோர்ந்து போன பழைய பீப்பாயில 18 வருஷம் கிடக்குறத விட நல்ல பீப்பாயில 10 வருஷம் கிடந்தது எவ்வளவோ மேல்.

பீப்பாய்னு பாத்தா பெரும்பாலும் ரெண்டு வகை வரும். அமெரிக்காவுல பெர்பன்ங்கிற அவங்க ஊர் விஸ்கி செய்யணும்னா உள்ள தீயில கருக்கின புது ஓக் பீப்பாயிலதான் ஊத்தணும்னு சட்டம், அதனால ஒரு தடவ யூஸ் பண்ணின பீப்பாயெல்லாம் கப்பல் ஏறி ஸ்காட்லாந்து போயிடும், அதுல இருந்து வனிலா, தேன், தேங்கா மாதிரி வாசம் வரும். இன்னொண்ணு ஷெர்ரி, அது ஸ்பெயின் ஒயின், அந்தப் பீப்பாயில கிடந்தா உலர்திராட்சை, பேரீச்சம்பழம், பட்டை, பழம் நிறைய போட்ட கேக் வாசம். உங்க மாமாவுக்குப் புடிக்காமப் போனது பீட். வாற்கோதுமைய முளை கட்டி காய வைக்கிறப்ப சதுப்பு நிலத்துல வெட்டியெடுத்த மக்கின செடிகொடிக் கட்டிய எரிச்சு அந்தப் புகையில காட்டுவாங்க, அந்தக் கட்டிதான் பீட், ஸ்காட்லாந்தோட ஐலா தீவு சரக்குக்கெல்லாம் அதுதான் அடையாளம். எனக்கு உயிர், ஆனா முதல் மால்ட்டா யாருக்கும் அதக் குடுக்க மாட்டேன்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்றதில்ல. நம்ம ஊர்ல விஸ்கின்னு விக்கிறதுல பெரும்பாலானது கரும்புச் சக்கைப்பாகுல காய்ச்சின வாசனையில்லாத ஸ்பிரிட்டோட கொஞ்சம் மால்ட் கலந்தது, ஐரோப்பாவுல அத விஸ்கின்னு பேர் போட்டு விக்கவே விடமாட்டாங்க, ஏன்னா அங்க தானியத்துல இருந்துதான் வரணும். சிங்கிள் மால்ட் முழுக்க வாற்கோதுமை, ஒரே டிஸ்டிலரி, செம்புப் பானையில காய்ச்சுறது. மாமாவுக்கு முதல் வாய் கனமா இருக்கும், அவர் நாக்குல குறை ஒண்ணும் இல்ல, பழகணும்.

லேபிள்ல நான் பாக்குறது ஆல்கஹால் 46% இருக்கா, Non Chill Filtered, அதாவது குளுர வச்சு வடிகட்டாததுன்னு போட்டிருக்கா, நேச்சுரல் கலரான்னு. தண்ணி சேத்து 40%க்கு இறக்கின சரக்கு குளிர்ல கலங்கும், அது கலங்கக் கூடாதுன்னு குளுர வச்சு வடிகட்டுறப்ப எண்ணெய்ப் பசையும் கொஞ்சம் ருசியும் சேந்து போயிடுது. கலரப் பாத்து மயங்காதீங்க, ஸ்காட்ச்ல கேரமல் சேக்க அனுமதி உண்டு, ஜெர்மனியில அத லேபிள்லயே சொல்லியாகணும், மத்த இடத்துல பெரும்பாலும் சொல்றதில்ல.

கண்ணுல பட்டா வாங்குங்க: டீன்ஸ்டன் 12, 46.3%, முழுக்க தேனும் வனிலாவும். இல்ல க்ளென்அல்லாகி 12, ஷெர்ரி பக்கம். புன்னஹாபெய்ன் 12 ஐலா தீவுதான், ஆனா அதுல புகை இல்லன்னே சொல்லலாம், உப்பும் உலர்பழமுமா அருமையா இருக்கும்.

பயணப்பை:
மேல சொன்னதோட ஒண்ணு. ஏர்போர்ட்டுக்குன்னே தனியா போடுற பாட்டில் நிறைய வயசே போடாம 40%ல வருது, டப்பா மட்டும் பெருசா இருக்கும். ஒரு லிட்டர்னு பாத்து சந்தோஷப்படாம சிட்டில ஒரு நல்ல கடையில விசாரிங்க. இந்தியாவுக்குள்ள ஆளுக்கு 2 லிட்டர் வரைக்கும் ட்யூட்டி இல்லாம எடுத்துட்டு வரலாம். செக்-இன் லக்கேஜ்ல போடுறதா இருந்தா 70%க்கு மேல போன சரக்கு கூடவே கூடாது, நீங்க வாங்குறது அதுக்கெல்லாம் கீழதான், வேட்டிக்கு நடுவுல சுத்தி வைங்க.

பெங்களூர்_மால்ட்:
எல்லாரும் ஸ்காட்லாந்தையே சொல்றீங்களே அண்ணே, கோயமுத்தூருக்குப் போற பாட்டில், பக்கத்துல பெங்களூர்ல அம்ருத் இருக்கு. 2004ல கிளாஸ்கோவுக்கே கொண்டு போய் அறிமுகப்படுத்தினவங்க, ஸ்காட்லாந்துக்காரன் மண்ணுல போய் நம்ம ஊர் மால்ட்ட வித்துக் காட்டுறது சாதாரண காரியமா? அவங்களோட ஃப்யூஷன் நல்ல பேர் வாங்கினது, ஆனா அது 50%, ஸ்காட்லாந்து பீட் வாற்கோதுமையும் கலந்தது, புகை லேசா தெரியும், மாமாவுக்கு வேணாம். கோவாவோட பால் ஜான் ப்ரில்லியன்ஸ் 46%, புகையே இல்ல, தேனும் பட்டையுமா இருக்கும், அவருக்கு அதுதான் சரி. ஹரியானா இந்த்ரியும் பாக்கலாம், மூணு வகைப் பீப்பாய்ச் சரக்க சேத்துப் போடுறாங்க.

வயசு விஷயத்துல ஓக்பீப்பா அண்ணன் சொன்னது நம்ம ஊருக்கு இன்னும் பொருந்தும். ஸ்காட்லாந்துல பீப்பாயில இருக்குற சரக்கு வருஷத்துக்கு 2% போல ஆவியாப் போகும், பெங்களூர்ல 10%க்கு மேல போயிடுது. அவ்ளோ சூட்டுல மரத்தோட சேந்து சீக்கிரமே பழுத்துடும், 18 வருஷம் வச்சா பீப்பாயில மிச்சம் என்ன இருக்கும்? அதனாலதான் நம்ம மால்ட்ல வயசு போடுறது அபூர்வம், அதப் பாத்து மட்டமா நெனைக்காதீங்க.

ஜூரோங்வாசி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அப்ப டீன்ஸ்டன் ஒண்ணு இங்க தேடுறேன், பால் ஜான் இந்தியாவுலயே பாக்குறேன். சோடா பத்தி யாரும் சொல்லலையே? ராவாதான் குடிக்கணுமா? அவர்கிட்ட போய் இப்படிக் குடிங்க மாமான்னு சொல்ல எனக்கு மனசு வரல.

நிதானமா_ஒரு_பெக்:
சொல்லவே வேணாம். சோடா தப்புன்னு எவன் சொன்னான்? ஜப்பான்ல 1923லயே யமசாகி டிஸ்டிலரிய ஆரம்பிச்சவங்க, இன்னிக்கும் அங்க சாப்பாட்டோட ஹைபால்தான் ஓடுது, நல்லா குளுந்த சோடா, பெரிய ஐஸ், அளவா விஸ்கி. உங்க ஃப்ரெண்டு பேச்ச விடுங்க. ஒண்ணே ஒண்ணு செய்ங்க, முதல் ஸ்மால் மட்டும் சோடா இல்லாம மாமாவோட உக்காந்து குடிங்க. கீழ குண்டா மேல குறுகின கிளாஸ் கெடச்சா நல்லது, வாசம் மேல சேந்து நிக்கும், இல்லன்னா சின்ன ஒயின் கிளாஸ் போதும். ஊத்தினதும் குடிக்காதீங்க, அஞ்சு நிமிஷம் விடுங்க, மூக்க உள்ள விட்டு இழுக்காம வாய லேசா திறந்து வச்சு மோந்து பாக்கச் சொல்லுங்க, இல்லன்னா ஸ்பிரிட் மட்டும்தான் ஏறும்.

அப்புறம் தண்ணி, ஐஸ் இல்ல, சாதா தண்ணி, ஸ்பூன்ல அரை அரையா. கம்பெனில விஸ்கிய ருசி பாத்துக் கலக்குற பிளெண்டர்களே மோந்து பாக்கிறப்ப 20% பக்கம் இறக்கித்தான் பாக்குறாங்க. 2017ல ஸ்வீடன்ல ரெண்டு பேர் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்து, தண்ணி சேர்ந்தா புகை வாசம் குடுக்குற மூலக்கூறு மேல்மட்டத்துக்கு வருதுன்னு எழுதினாங்க. ஐஸ் போட்டா நாக்கு மரத்துப் போகும், அதனால முதல் கிளாஸுக்கு வேணாம். ரெண்டாவது அவர் இஷ்டம், சோடாவே ஊத்தட்டும்.

சைடிஷ்ல கொஞ்சம் கவனம். அந்த முதல் ஸ்மாலுக்கு முன்னாடி சில்லி சிக்கன், மிளகாய் வறுவல்னு எடுத்து வச்சா நாக்கு எரிஞ்சு வனிலாவும் தெரியாது தேனும் தெரியாது. வறுத்த முந்திரி உப்பு கம்மியா, இல்ல ரெண்டு பேரீச்சம்பழம். காரமெல்லாம் சோடா கிளாஸ் வந்தப்புறம்.

பாட்டில நிமித்தியே வைக்கச் சொல்லுங்க, படுக்க வச்சா ஸ்பிரிட் கார்க்க அரிச்சிடும். வெயில் படாத பீரோ போதும், ஃப்ரிட்ஜ் வேணாம். பாட்டிலுக்குள்ள வயசு ஏறாது, அதனால விசேஷத்துக்குன்னு எடுத்து வைக்க விடாதீங்க, பாதிக்குக் கீழ இறங்கினா காத்து பட்டு சில மாசத்துல வாசம் மங்கிடும். ஞாயித்துக்கிழமை ஒண்ணொண்ணா அவர் பாட்டுக்குக் குடிக்கட்டும்.