புதுப்பிப்பு: காலை ஜெபத்தில் மனம் அலைந்தது, சங்கீதம் 119 கைகொடுத்தது

ஜெபிக்க உட்கார்ந்தாலே மனம் ஆபீஸ் வேலைக்கு ஓடிவிடுகிறது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஒரே வருடத்தில் முழு வேதாகமம் என்ற அட்டவணை எனக்கு ஒத்துவரவில்லை, மூன்றாவது புத்தகமான லேவியராகமத்தோடு நின்றுவிட்டது. பலித்தது, வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் 119-ஐ நாளுக்கு ஒரு பகுதியாகச் சத்தமாக வாசித்து, அந்த வரிகளையே ஜெபமாக்கச் சொன்ன அக்காவின் யோசனை. மொத்தம் 176 வசனம், எட்டெட்டாக 22 பகுதி. ஐந்து நிமிடம் போதும். வாய் பேசும்போது மனம் அவ்வளவாக அலைவதில்லை.

அப்புறம் மற்ற சங்கீதங்களுக்குப் போனேன். எதிர்பாராதது என்னவென்றால், துதிப் பாட்டுகளைவிட 13, 88 மாதிரியான புலம்பல்கள்தான் என்னைத் தேவனிடம் நெருங்க வைத்தன. 88 இருளிலேயே முடிகிறது. ஆண்டவரிடம் இப்படியும் பேசலாமா என்றிருந்தது. இப்போது பஸ்ஸில் போகும்போதுகூட மனக்குறையை அவரிடம் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

இரவிலும் செய்து பார்த்தேன். தூக்கம்தான் வந்தது.