பழைய காருக்குப் பம்பர் தேடி அலைந்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

வண்டுக்காரன்:
நானே தொடங்கிவைக்கிறேன். என்னுடையது 1965 ஃபோக்ஸ்வேகன் பீட்டில். ஆவணமும் சேசிஸ் எண்ணும் அதையே சொல்வதால் வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை. அந்த ஆண்டுக்குரிய மெல்லிய, வளைந்த குரோம் பம்பரை ஆசையாக வாங்கி வந்தேன். முன்பக்கம் வைத்துப் பார்த்தால் பிராக்கெட் ஓரிடத்தில் நிற்கிறது, மட்கார்டில் அது நுழைய வேண்டிய துளை வேறிடத்தில் இருக்கிறது. விற்றவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மறுநாள் காலை சற்றுத் தள்ளி நின்று வண்டியைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஹெட்லைட் நிமிர்ந்து நிற்கிறது! 1965 வண்டியில் விளக்கின் கண்ணாடி மட்கார்டின் சரிவோடு சேர்ந்து சாய்ந்திருக்க வேண்டும். 1967 ஆகஸ்டுக்குப் பிறகு, நிமிர்ந்த விளக்கோடு வந்த 1968 மாடலில் பம்பர் பெட்டி போலத் தடித்து, முன்பைவிட உயரத்துக்கு ஏறியது; மட்கார்டின் துளையும் அதற்கேற்ப இடம் மாறியது. முந்தைய உரிமையாளர் எங்கோ மோதிவிட்டு, கையில் கிடைத்த பிற்கால மட்கார்டுகளைப் பூட்டியிருக்கிறார். பின்பக்கம் பழையபடியே இருக்கிறது. இத்தனை வருடம் முன்னால் ஒரு வயதும் பின்னால் ஒரு வயதுமாக ஓட்டியிருக்கிறேன்; கவனிக்கவே இல்லை.

விற்றவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பம்பரை வைத்துக்கொண்டு மட்கார்டுகளை மாற்றினேன். இப்போது பாகம் கேட்கும்போது ஆண்டை மட்டும் சொல்வதில்லை. விளக்கின் நிலை, துளையின் உயரம், போல்ட்டுக்குப் போல்ட் உள்ள தூரம் எல்லாவற்றையும் அளவுநாடாவோடு படமெடுத்து அனுப்புகிறேன்.

கறுப்பு மூக்கன்:
எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. என் எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) எந்த ஆண்டு என்பதில் சந்தேகமே இல்லை, மூக்கைப் பார்த்தாலே தெரியும். அமெரிக்காவின் மோதல் விதிகளுக்காக 1974 இறுதியில் குரோமை எடுத்துவிட்டுக் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்தார்கள் அல்லவா, அந்த வகை. குரோமுக்கு மாற்றிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பானரோடு உட்கார்ந்தேன். ரப்பர் என்று சொல்கிறோமே தவிர உள்ளே கனமான இரும்புச் சட்டம் இருக்கிறது. தனியாகத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

கழற்றிய பிறகு தெரிந்தது, குரோம் பம்பர் உட்காரத் தேவையான உடல்பாகமே அங்கே இல்லை. முன்முகத்தை வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும், கிரில் மாற வேண்டும், பின்பக்க மூலைகளை அடைக்க வேண்டும். அத்தனையும் செய்தாலும் வண்டி குதிகால் செருப்புப் போட்டது போல உயரமாக நிற்கும், ஏனென்றால் அதே விதிகளுக்காக உயரத்தையும் கூட்டியிருந்தார்கள். கறுப்பையே திரும்பப் பூட்டினேன். பூட்டும்போது இரண்டு பேர்.

எட்டாம் நம்பர் ஸ்பானர்:
குரோம் பூசக் கொடுக்கப்போகிறவர்கள் என் முட்டாள்தனத்தையும் கேளுங்கள். பம்பரின் முகத்தில் போல்ட் தலை தெரியக் கூடாது என்று துளைகளை வெல்டிங் வைத்து அடைத்து, போல்ட்டுகளைப் பின்பக்கமாகப் பற்றவைத்தேன். அழகாகத்தான் வந்தது. வண்டியில் ஒருமுறை பூட்டிப் பார்க்காமலே பூச்சுக்கு அனுப்பிவிட்டேன். கண்ணாடி போலத் திரும்பி வந்ததைப் பூட்டினால், ஒரு முனை மட்கார்டை இடிக்கிறது, மறுமுனையில் இரண்டு விரல் இடைவெளி. வெல்டிங் சூட்டில் இரும்பு முறுக்கிக்கொண்டிருக்கிறது. முழங்காலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன். வளைந்தது, கூடவே பூச்சு சிலந்திவலை போல வெடித்தது. எல்லாவற்றையும் உரித்து மறுபடி முதலிலிருந்து.

இரண்டாவது முறை போனபோது பூச்சுப் பட்டறைக்காரர் பாடமே நடத்தினார். மேலே இருக்கும் குரோம் ஒரு மைக்ரான்கூட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்காதாம். துருவைத் தடுப்பதும் பளபளப்பில் பெரும்பங்கு தருவதும் அடியில் உள்ள நிக்கல்தான். ஆகவே “குரோம் எத்தனை கனம்” என்று கேட்காதீர்கள், நிக்கலைக் கேளுங்கள். இன்னொன்று: பூச்சு இருக்கும் பம்பரில் நேராக வெல்டிங் வைக்காதீர்கள், அந்தப் புகை நஞ்சு. முதலில் உரிக்கக் கொடுங்கள்.

வண்டுக்காரன்:
எவர்சில்வரில் செய்த புதிய பம்பர் எப்படி? காந்தம் ஒட்டாவிட்டால் அசல் எவர்சில்வர் என்கிறார்களே.

எட்டாம் நம்பர் ஸ்பானர்:
காந்தத்தை முழுதாக நம்பாதீர்கள், சிலவகை எவர்சில்வரில் ஒட்டும். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அங்கும் அதே உலோகம் தெரிய வேண்டும். தரம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் குரோமில் லேசான நீலம் ஓடும், எவர்சில்வர் கொஞ்சம் மங்கல் வெள்ளை. பக்கத்திலேயே குரோம் வீல்கப் இருந்தால் கண்ணை உறுத்தும். எனக்கு உறுத்தியது.

நெளிவுப் பிரியன்:
நான் உங்கள் எல்லோரையும்விடப் பேராசைக்காரன். 1937 டிசோட்டோ என்ற அமெரிக்கக் காரின் நெளிநெளியான பம்பரை வேறு கார்களில் பொருத்தி அழகுபார்ப்பது, காரைத் தன் ரசனைக்கு மாற்றியமைக்கும் அமெரிக்கர்களின் பழைய வழக்கம். அந்த வடிவம் என் செவர்லேக்கும் வேண்டும். மேலே நடந்ததையெல்லாம் படித்த பிறகு இரும்பைத் தொடப் பயமாக இருக்கிறது. தடித்த அட்டையில் வெட்டி, வெள்ளித்தாள் ஒட்டி, மூக்கில் கட்டிப் பார்க்கிறேன். பத்தடி தள்ளி நின்றால் உண்மையானது போலவே இருக்கிறது. இது மூன்றாவது அட்டை. இடது ஓரத்தின் வளைவு மட்டும் இன்னும் மட்கார்டோடு ஒத்துப்போகவில்லை.