அமெரிக்க உணவகத்தில் கார்டை எடுத்துக்கொண்டு போகிறார்களே, பரவாயில்லையா?

அலுவலக வேலையாகச் சிகாகோ வந்திருக்கிறேன். நேற்று முன்தினம் இரவு சாப்பாடு 46 டாலர். பரிமாறியவர் கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பின் நம்பர் கேட்கவே இல்லை. வந்த சீட்டில் டிப்ஸ் 8 டாலர் என எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போனில் 46 டாலருக்குத்தான் குறுஞ்செய்தி வந்தது. இன்று கணக்கில் 54! நான் கிளம்பிய பிறகு தொகையை எப்படி மாற்றுகிறார்கள்? பயமாக இருக்கிறது.

பதில் 1:
முதலில் வந்தது 46 டாலருக்கு வங்கி தந்த அனுமதி மட்டும். டிப்ஸைச் சேர்த்து இறுதித் தொகையைப் பிறகுதான் அனுப்புவார்கள். மொத்தத்தை நீங்களே எழுதுங்கள், காலியாக விடாதீர்கள். சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் தகராறு வந்தாலும் ஆதாரம் இருக்கும்.

பதில் 2:
அதற்காக டிப்ஸைக் குறைத்துவிடாதீர்கள். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய கூலி, மத்திய சட்டப்படி மணிக்கு 2.13 டாலர்தான். 1991 முதல் அதே தொகை. பல மாநிலங்களில் கூடுதல். 18 முதல் 20 சதவீதம் வையுங்கள்.

பதில் 3:
டொராண்டோவில் மிஷினை மேசைக்கே கொண்டுவருகிறார்கள், அது எவ்வளவோ நிம்மதி. டோக்கியோவில் நான் வைத்த டிப்ஸைத் திருப்பித் தர ஒருவர் தெருவரை ஓடி வந்தார். அப்புறம், இந்தியக் கார்டு என்றால் ஊர் திரும்பியதும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் அணைத்துவிடுங்கள்.