கடைசிக் குட்டி விமானம்: அமெரிக்காவின் சின்ன ஏர்போர்ட் அனுபவங்கள்

புளூமிங்டன், இல்லினாய்

ஊரிலிருந்து பெற்றோர் வருகிறார்கள் என்றால் நம்மில் பலரும் சிகாகோ வரைக்கும்தான் யோசிக்கிறோம். துபாய் வழியா, தோஹா வழியா, எங்கே எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து டிக்கெட் போடுவோம். ஆனால் படுத்துவது அந்தப் பெரிய விமானம் இல்லை, சிகாகோவுக்கு அப்புறம் ஏறுகிற குட்டி விமானம். ஸ்டேட் ஃபார்ம் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தலைமையகம் இங்கே இருப்பதால் இந்த ஊரில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. யாரைக் கேட்டாலும் சிகாகோவின் ஓஹேர் ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்ட கதை ஒன்று வைத்திருப்பார்கள்.

என் மாமனார் மாமியார் துபாய் வழியாக வந்தார்கள். பெட்டியில் புளூமிங்டன் என்று டேக் ஒட்டியிருந்தாலும், அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில்தான் இமிகிரேஷனும் கஸ்டம்ஸும். பெட்டியைப் பெல்ட்டிலிருந்து எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டியதும் மறுபடி போட்டுவிட வேண்டும். இதை முன்பே சொல்லி வைத்திருந்தோம், சக்கர நாற்காலி உதவியும் கேட்டிருந்தோம், அதனால் அதுவரை சிக்கல் இல்லை. ஐந்தாம் டெர்மினலில் ரயில் ஏறி மூன்றாம் டெர்மினலுக்குப் போய், அங்கே இன்னொரு தடவை செக்யூரிட்டி முடித்து, கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் பலகையில் 'கேன்சல்ட்' என்று எரிகிறது. வெளியே இடிமழை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வானிலை கெட்டால் ஓஹேரில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை விமானம் இறங்கலாம் என்பதைக் குறைத்துவிடுவார்கள். கிடைக்கிற கொஞ்ச இடத்தை ஐம்பது பேர் வருகிற விமானத்துக்குக் கொடுப்பார்களா, இருநூறு பேர் வருவதற்கா? முதல் வெட்டு நமக்குத்தான். பகலில் ரத்தானால் அடுத்ததில் ஏற்றிவிடலாம். ராத்திரி கடைசி விமானம் ரத்தானால் விடியும் வரை வழியில்லை. வானிலைதான் காரணம் என்றால் ஹோட்டல் கொடுக்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. ரத்தான விமானத்துக்குப் பதில் வேறு எதுவும் வேண்டாம் என்றால் அதற்குரிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அது மட்டும் விதி.

காரை எடுத்துக்கொண்டு சுமார் 130 மைல் போய் நானே அழைத்து வந்தேன். பெட்டிகள் மறுநாள் வந்தன. வழியில் மாமனார், "மாப்ளை, திருச்சியிலேர்ந்து கோயம்புத்தூர் போற தூரம். இதுக்கு எதுக்கு ப்ளேன்?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. ஓஹேரிலிருந்தே எங்கள் பக்கத்து ஊர் நார்மலுக்கும், பியோரியாவுக்கும் பஸ் இருக்கிறது, ஏறக்குறைய மூன்று மணி நேரம். யாராவது வருகிறார்கள் என்றால் இப்போதெல்லாம் சிகாகோ வரைக்கும்தான் டிக்கெட் போடுகிறேன்.

ஒரு எச்சரிக்கை. டிக்கெட்டில் புளூமிங்டன் வரை இருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் சிகாகோவிலேயே இறங்கிக்கொள்ளாதீர்கள். வழியில் ஒரு விமானத்தில் ஏறவில்லை என்றால் திரும்பிப் போகும் டிக்கெட்டும் சேர்ந்து ரத்தாகிவிடும்.

இத்தனைக்கும் எங்கள் ஊர் ஏர்போர்ட்டைக் குறை சொல்ல மனம் வராது. செக்யூரிட்டி வரிசை என்று ஒன்று இருந்தால்தானே நிற்பதற்கு! பெற்றோர் ஊர் திரும்பும்போது ஏர்லைன் கவுண்டரில் கேட்டால், கேட் வரைக்கும் நாமும் கூடப் போக எஸ்கார்ட் பாஸ் தருவார்கள். கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் விருப்பம், ஆனால் சின்ன ஊரில் பெரும்பாலும் முகம் சுளிக்காமல் தருகிறார்கள்.

பென்டன்வில், ஆர்கன்சா

புளூமிங்டன் அண்ணா சொல்வது சிகாகோ பக்கத்துக்குச் சரி. எங்களுக்கு அந்த பஸ் வழி கிடையாது. டல்லாஸிலிருந்து காரில் வருவதென்றால் அரை நாள் போய்விடும், அதனால் குட்டி விமானம்தான் கதி.

ஆனால் எங்கள் ஏர்போர்ட் கொஞ்சம் விசேஷமானது. மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே 1998-ல் திறந்தது. எங்கள் ஊரில் தலைமையகம் உள்ள வால்மார்ட் கடைகளின் நிறுவனருடைய மகள் ஆலிஸ் வால்டன் முன்னின்று கொண்டுவந்ததால் டெர்மினலுக்கு அவர் பெயர்தான். வால்மார்ட்டுக்குச் சரக்கு விற்க வருகிற கோட் சூட் ஆசாமிகள் தினமும் வந்து போவதால் டல்லாஸ், சிகாகோ, அட்லாண்டா எல்லாவற்றுக்கும் விமானம் உண்டு. கம்பெனிப் பணத்தில் பறக்கிறவர்கள் அதிகம் என்பதால் கட்டணமும் அதற்கேற்ற மாதிரிதான். சிலர் துல்சாவில் இறங்கி இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வருகிறார்கள்.

என்னைக் கேட்டால் முதல் தடவை வருகிறவர்களுக்கு ஓஹேரை விட டல்லாஸ் நல்லது. இறங்குவது டி டெர்மினல். கஸ்டம்ஸ் முடித்துப் பெட்டியைப் போட்டு, செக்யூரிட்டி தாண்டிவிட்டால் எல்லா டெர்மினலுக்கும் உள்ளுக்குள்ளேயே ஸ்கைலிங்க் ரயில் ஓடுகிறது. கேட் மாற்றிவிட்டார்கள் என்றாலும் வெளியே வந்து மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

அம்மாவிடம் நான் படித்துப் படித்துச் சொல்வது பொடி விஷயம். இட்லிப் பொடி, சாம்பார் பொடி எல்லாம் கைப்பையில் வேண்டாம். 350 மில்லி அளவுக்கு மேல் பொடி இருந்தால் தனியாக எடுத்துச் சோதிப்பார்கள், அந்த நேரத்தில் குட்டி விமானம் கிளம்பிவிடும். மறந்து கைப்பையில் வைத்துவிட்டாலும் வழி இருக்கிறது. கஸ்டம்ஸ் முடிந்து பெட்டியை மறுபடி போடுவதற்கு முன் அது நம் கையில்தானே இருக்கிறது, அங்கேயே ஓரமாக நின்று பொடி, ஊறுகாய், டியூட்டி ஃப்ரீ பாட்டில் எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிடலாம். பச்சைக் கறிவேப்பிலையை மட்டும் எதிலுமே வைக்க வேண்டாம். அதற்கு அனுமதியே இல்லை, கஸ்டம்ஸ் வரிசையிலேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

இன்னொன்று, ஐம்பது சீட் ஜெட்டில் தலைக்கு மேலே உள்ள அறையில் சக்கரப் பெட்டி நுழையாது. வாசலில் ஒரு டேக் கட்டி வாங்கிக்கொள்வார்கள், இறங்கியதும் அங்கேயே கொடுப்பார்கள். போன வருடம் ஒரு ஆன்ட்டி, நகையெல்லாம் அதில் இருக்கிறது என்று பெட்டியை விடமாட்டேன் என்றார். பின்னால் வரிசை நிற்கிறது, பணிப்பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் நான் மொழிபெயர்த்து, நகையையும் பிரஷர் மாத்திரையையும் என் தோள்பைக்கு மாற்றிய பிறகுதான் விமானம் நகர்ந்தது. பாஸ்போர்ட், நகை, மருந்து இந்த மூன்றையும் தோளில் மாட்டும் சின்னப் பையில் வைக்கச் சொல்லிவிடுங்கள்.

ஆலன்டவுன், பென்சில்வேனியா

பஸ் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்கு நியூவார்க்கிலிருந்து யுனைடெட் ஏர்லைன்ஸ் டிக்கெட் எடுத்தால் ஃப்ளைட் நம்பர் இருக்கும், கேட் இருக்கும், ஆனால் வருவது பஸ். பல வருடமாக இப்படித்தான். 2022-லிருந்து அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஃபிலடெல்ஃபியாவுக்கு இதே மாதிரி பஸ் விடுகிறது. சித்தப்பாவுக்கு இதைச் சொல்லாமல் விட்டிருந்தோம். போனில் அவர் போட்ட சத்தம்: "டேய், ஏமாத்திட்டாங்கடா! விமானத்துக்குக் காசு வாங்கிட்டு பஸ்ல ஏத்துறான்!" பக்கத்தில் நின்ற ஒரு தெலுங்குப் பையன் சமாதானம் செய்து ஏற்றிவிட்டான். மழை பெய்தாலும் பஸ் கிளம்பும் என்பதால் எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

ஷாம்பெய்ன், இல்லினாய்

கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். பாலூட்டத் தனி அறை வேண்டும் என்று பெரிய, நடுத்தர ஏர்போர்ட்டுகளுக்கு 2018-ல் சட்டம் வந்தது. 2020-ல் அதற்கு அடுத்த நிலையில் உள்ளவற்றுக்கும் நீட்டினார்கள். ஷாம்பெய்ன், புளூமிங்டன் மாதிரி அதற்கும் சின்னவை அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை, இருந்தால் நம் அதிர்ஷ்டம். அதனால் பெரிய ஏர்போர்ட்டிலேயே பால் கொடுத்து, டயப்பர் மாற்றி, வெந்நீர் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். தள்ளுவண்டியை விமான வாசல் வரை தள்ளிக்கொண்டு போகலாம், டேக் போட்டு வாங்கிக்கொள்வார்கள்.

சாப்பாடும் அப்படித்தான். செக்யூரிட்டி தாண்டினால் பல சின்ன ஏர்போர்ட்டுகளில் சிப்ஸ் மெஷினைத் தவிர ஒன்றும் கிடைக்காது. சைவம் சாப்பிடுகிற பெரியவர்களுக்குக் கையில் புளிசாதமோ சப்பாத்தியோ இருந்தால் நிம்மதி. ஆனால் கையில் உணவு இருக்கிறது என்று கஸ்டம்ஸில் சொல்லிவிட வேண்டும்.

இங்கே யூனிவர்சிட்டிக்கு ஆகஸ்டில் வருகிற பிள்ளைகள் ராத்திரி கடைசி விமானத்தில் வந்து இறங்கி, டாக்ஸி இல்லாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கடைசி விமானம் வந்ததும் வாடகைக் கார் கவுண்டரை மூடிவிட்டுப் போய்விடுவார்கள், ஊபர் ஆப்பிலும் சில நாள் ஒரு வண்டி கூடக் காட்டாது. டிக்கெட் போடும்போதே கூட்டிப் போக யார் வருவார்கள் என்று முடிவு செய்து, அவர் நம்பரைத் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். இந்திய சிம் இங்கே வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம்.