4.4 கர்னலில் ஆர்டி பேட்ச்: போடலாமா, கூடாதா?

பலகைக்காரன்:
எங்கள் பொதிகட்டும் இயந்திரத்தில் இருப்பது பீகிள்போன் பிளாக் என்ற சிறு கணினிப் பலகையில் உள்ள அதே ஏஎம்335எக்ஸ் சிப். அதில் ஓடுவது லினக்ஸின் பழைய 4.4 கர்னல் (இயக்க முறைமையின் மையப்பகுதி). மோட்டாரைக் கட்டுப்படுத்தும் நிரல் 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை விழிக்க வேண்டும். எஸ்டி கார்டில் பதிவுகள் எழுதப்படும்போது மட்டும் அது சில மில்லிசெகண்டுகள் பிந்துகிறது. குறித்த நேரத்துக்குள் நிரல் விழிப்பதை உறுதிசெய்யும் பிரீஎம்ப்ட்-ஆர்டி பேட்சை (கர்னலின் நிரலில் செய்யும் திருத்தத் தொகுப்பை) போடுவதே சரியான தீர்வு என்பது என் கருத்து.

கர்னல்வாசி:
எனக்கு உடன்பாடில்லை. 4.4-க்கான வழக்கமான பராமரிப்பு 2022 பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் வந்த 6.12 கர்னலில் ஆர்டி உள்ளேயே இருக்கும்போது, பழைய வீட்டுக்கு ஏன் புதுக் கூரை?

பலகைக்காரன்:
6.12-இல் அது எக்ஸ்86, 64-பிட் ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் ஆகிய செயலி வகைகளுக்கு மட்டுமே சேர்க்கப்பட்டது. எங்களுடையது 32-பிட் ஆர்ம். அங்கே போனாலும் பேட்ச் போட்டாக வேண்டும். மேலும், சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம் திட்டத்தினர் 4.4-ஐ ஆர்டி கிளையோடு சேர்த்தே நீண்டகாலப் பராமரிப்புக்கு எடுத்துக்கொண்டார்கள்.

கர்னல்வாசி:
32-பிட் விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி. ஆனால் பேட்ச் பிழையின்றி ஒட்டிக்கொள்வதோடு வேலை முடிவதில்லை. ஆர்டி கர்னலில் சாதாரண ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை தூங்காமல் சுற்றிக் காத்திருக்கும் பூட்டு) தூங்கக்கூடிய பூட்டாகிவிடுகிறது. வன்பொருள் குறுக்கிடும்போது ஓடும் இன்டரப்ட் ஹேண்ட்லர்கள் பெரும்பாலும் த்ரெட்களாகிவிடுகின்றன (மற்ற வேலைகளைப் போல வரிசைப்படுத்தி ஓடுபவை). நாங்கள் எழுதிய ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) டிரைவர் ஒன்று முதலில் இன்டரப்டை அணைத்துவிட்டு அடுத்த வரியில் ஸ்பின்லாக்கை எடுக்கும். பல வருடம் ஒழுங்காக ஓடிய அந்த இரண்டு வரிகள், பேட்ச் போட்ட அன்றே கன்சோல் முழுக்க ‘ஸ்லீப்பிங் ஃபங்ஷன் கால்ட் ஃப்ரம் இன்வேலிட் கான்டெக்ஸ்ட்’ (தூங்கக்கூடாத இடத்தில் தூங்கப் பார்க்கிறது) என்று கொட்டின. எல்லாவற்றையும் ஆர்டியிலும் தூங்காத ரா ஸ்பின்லாக்காக மாற்றினால் செய்தி அடங்கும். ஆனால் எந்தத் தாமதத்தை ஒழிக்கப் புறப்பட்டோமோ அது திரும்பி வந்துவிடும்.

சால்டர்:
கர்னலை ஏன் தொடுகிறீர்கள்? அந்தச் சிப்பிலேயே 200 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு பிஆர்யு கோர்கள் (லினக்ஸைச் சாராமல் ஓடும் சிறு செயலிகள்) சும்மா கிடக்கின்றன. பெரும்பாலான கட்டளைகளுக்கு 5 நானோசெகண்டுதான். லினக்ஸ் தூங்கினாலும் அவை தூங்கா.

பலகைக்காரன்:
பிஆர்யுவில் தசமக் கணக்குக்கான வன்பொருள் இல்லை. கோருக்கு 8 கிலோபைட் நிரல் நினைவகம்தான். மோட்டாரின் நிலையைக் கணிக்கும் எங்கள் நிரல் முழுவதும் ஃப்ளோட்டில் (தசம எண்களில்) எழுதப்பட்டது.

சால்டர்:
கணிப்பு லினக்ஸிலேயே இருக்கட்டும், மோட்டாருக்கான துடிப்புகளை மட்டும் பிஆர்யுவுக்குக் கொடுங்கள். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: உங்கள் நிரல் ஷெட்-ஃபிஃபோவில் (சாதாரண நிரல்களை முந்தி ஓடவிடும் முறையில்) ஓடுகிறதா? நிரலை நினைவகத்திலேயே பூட்டிவைக்கும் எம்லாக்ஆல் அழைக்கிறீர்களா?

பலகைக்காரன்:
ஃபிஃபோ, முன்னுரிமை 80. எம்லாக்ஆல் இல்லை.

கர்னல்வாசி:
எழுதும்போது மட்டும் பிந்துவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். நிரலின் ஒரு பக்கம் (நினைவகத்தின் ஒரு சிறு துண்டு) நினைவகத்திலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தால் அதை அதே எஸ்டி கார்டிலிருந்து மீண்டும் படிக்க வேண்டும். அந்தப் படிப்பு உங்கள் பதிவுகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். எந்த ஆர்டி பேட்சும் அந்த வரிசையைக் குறைக்காது.

பலகைக்காரன்:
இன்றிரவு அந்த ஒரு வரியைச் சேர்த்து, கார்டில் எழுதவிட்டபடியே விடியும்வரை தாமதத்தை அளக்கிறேன். கூடவே விழிப்புத் தாமதத்தை அளக்கும் சைக்ளிக்டெஸ்ட் கருவியும் ஓடும். அதற்குப் பிறகும் 1 மில்லிசெகண்டைத் தாண்டினால் பேட்ச்தான்; டிரைவர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கவும் தயார்.