டைட்டானிக் கால பைனாகுலர் பற்றித் தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

நண்பர்களே, 1912-ல் டைட்டானிக் மூழ்கிய இரவைப் படக்கதையாக வரைந்துகொண்டிருக்கிறேன், அதில் மேல்தள அதிகாரிகள் கையில் இருந்த பைனாகுலரைச் சரியாக வரைய வேண்டும். சௌதாம்ப்டனில் கடைசி நேரத்தில் இறக்கிவிடப்பட்ட கப்பல் அதிகாரி டேவிட் பிளேர், பாய்மரக் கூண்டில் காவல் நின்றவர்களுக்கு பைனாகுலரே இல்லாமல் போனது, பிறகு விசாரணையில் அவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் ஃப்ளீட் "இருந்திருந்தால் கொஞ்சம் முன்னாலேயே பார்த்திருப்போம்" என்று சொன்னது எல்லாம் படித்துவிட்டேன். அந்தப் பதில் மனதைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

என் சிக்கல் கருவியில்தான். ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் 1894-லேயே பிரிஸம் வைத்த பைனாகுலரை விற்கத் தொடங்கிவிட்டது, ஆனாலும் முன்னால் குவிலென்ஸ், கண்பக்கம் குழிலென்ஸ் வைத்த நேர்க்குழாய் கலிலியோ வகையும் அப்போது கப்பல்களில் புழங்கியது. அதில் உருப்பெருக்கம் குறைவு, பார்வைப் பரப்பும் குறுகல், ஆனால் கண்ணாடிப் பரப்புகள் குறைவு என்பதால் மங்கிய வெளிச்சத்தில் படம் நன்றாகவே இருக்கும்.

யாரிடமாவது அந்தப் பழைய பித்தளை, தோல் உறை பைனாகுலர் இருந்தால், பக்கவாட்டிலும் கண்பக்கத்திலும் எடுத்த படங்கள் வேண்டும். அப்புறம், முடிந்தால் இருட்டிய பிறகு அதன் வழியே பார்த்து, ஓரங்கள் எப்படித் தெரிகின்றன என்றும் எழுதுங்கள், அதைத்தான் எந்தப் படத்திலும் பார்க்க முடியவில்லை.