மறு: ‘ஆஃப் ஜாயின்ட்’: அரைமூட்டா, படிமூட்டா?

வணக்கம்.

பாலச் சொற்பட்டியலில் ‘ஆஃப் ஜாயின்ட்’டுக்கு (half joint) ‘அரைமூட்டு’ என்று போட்டிருக்கிறோம். படிப்பவருக்கு அரைகுறையாக விட்ட மூட்டு என்றுதான் படும். பாலத்தின் தாங்கியிலிருந்து (தூண் அல்லது கரைச்சுவர்) நீளும் கையின் நுனியைப் பாதிக் கனத்துக்குக் குறைத்தால் ஒரு கீழுதடு கிடைக்கும். கைகளுக்கு நடுவே கிடக்கும் நடுக்கண்ணின் முனை மேலுதடாக அதன்மேல் உட்காரும், இரண்டு உதட்டுக்கும் நடுவே சுமையைக் கடத்தும் திண்டான பேரிங். பக்கவாட்டில் பார்த்தால் படிதான். ‘படிமூட்டு’ என்கிறேன்.

---

> பக்கவாட்டில் பார்த்தால் படிதான்

ஐயா, வடிவம் சரி. ஆனால் சுமை உட்காருவது அதில் தெரியவில்லையே. கனடாவின் கியூபெக்கில் இதை ‘நாற்காலி’ என்றே சொல்கிறார்கள். ‘இருக்கைமூட்டு’ ஆகாதா?

---

‘இருக்கை’ என்றால் பேரிங் உட்காரும் பரப்பு மட்டும் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சொல்லை அதற்கே விட்டுவைக்கலாம். சிக்கல் பரப்போடு நிற்பதில்லை. கீழுதட்டில் இறங்கும் சுமையை, கான்கிரீட்டுக்குள் மேற்பரப்பை ஒட்டி ஓடும் மேல்கம்பிக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும். அதைச் செய்யும் கம்பிக்கும் பட்டியலில் பெயரில்லை. ‘தூக்குக்கம்பி’ என்று சேர்க்கலாம்.

கியூபெக்கின் லவால் நகரில் 1970இல் கட்டிய கான்கோர்ட் மேம்பாலத்தில் அந்தக் கம்பிதான் தவறியது. மேல்கம்பிகளைச் சுற்றிப் பிடிக்க வேண்டிய ‘ப’ வடிவக் கம்பிகள் அவற்றுக்குக் கீழேயே நின்றுவிட்டன. இரண்டுக்கும் நடுவே வெறும் கான்கிரீட். மீட்டருக்கு மேல் கனமுள்ள கான்கிரீட் பலகையில் வெட்டுவிசைக்கான (குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசை) கம்பியும் இல்லை. அன்றைய விதி அதைக் கேட்கவில்லை. கான்கிரீட்டும் மட்டரகம், பனி உருக்கத் தூவும் உப்பு கரைந்த நீரும் உறைபனியும் மாறிமாறி அதைத் தின்றன. 2006 செப்டம்பர் 30 அன்று இடிந்து 5 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு ஜான்சன் விசாரணைக்குழு சுட்டிய காரணங்கள் இவைதாம்.

---

அப்படியானால் படிமூட்டுக்கே என் வாக்கும். ஒன்றைச் சேர்க்க வேண்டும்: வெயிலில் பாலம் நீள்வதற்கு விடும் விரிவு இடைவெளி சரியாக இதற்கு மேலேயே வருகிறது. அதை மூடும் ரப்பர் பட்டை கிழிந்தால் சாலைத் தண்ணீர் நேரே கீழுதட்டில் விழும். விரல் நுழையாத சந்து. கண்ணால் பார்க்கவும் வழியில்லை, பேரிங்கை மாற்றவோ நடுக்கண்ணையே ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். வெளியே தெரிவது படியின் உள்மூலையான உட்கோணத்திலிருந்து சாய்ந்தேறும் விரிசலும் துருக்கறையும்தான். ‘உட்கோணம்’ என்பதையும் பட்டியலில் ஏற்றிவிடுங்கள்.

---

ஏற்றுகிறேன். பதிவு இப்படி இருக்கட்டும்:

படிமூட்டு: நீளும் கையின் கீழுதட்டின்மேல் நடுக்கண்ணின் மேலுதடு பேரிங் வழியே அமரும் மூட்டு. காண்க: தூக்குக்கம்பி, உட்கோணம், இருக்கை.

‘அரைமூட்டு’ பழைய வழக்கு என்ற குறிப்போடு இருக்கும்.